குழந்தையைக் கொடுத்தனுப்பிய ஞாயிறு

பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கழியும்வரை கோயிலுக்குப் போவதில்லை. ஞானஸ்நானத்துக்குக் குழந்தையை ஞானத்தாய் எடுத்துப்போவாள். பெற்றவள் வீட்டில் இருப்பாள். சிறுமியாக இருந்தபோதே எனக்கு இது தெரியும். அதில் ஒரு கஷ்டம் இருப்பதாக அப்போது தோன்றியதில்லை.

எங்கள் முதல் பிள்ளை பிறந்து ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. யாரும் தலையில் தண்ணீர் ஊற்றுவதற்குள் போய்விட்டது. ஞானஸ்நானம் பெறாததால் மந்திரித்த மண்ணில் இடமில்லை என்று கல்லறைத் தோட்டத்து வேலியோரம் புதைத்தார்கள். ஆகவே இரண்டாவது மகன் பிறந்தபோது எனக்கு இரண்டு பயம். தாமதித்தால் இவனும் அப்படியே போய்விடுவானோ என்பது ஒன்று. கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிவரை அந்த ஐப்பசி மழையில் கொண்டுபோனால் குளிர் தாக்கிவிடுமோ என்பது மற்றது. குறைமாதப் பிள்ளை. என் கணவரின் இரு உள்ளங்கைக்குள் அடங்குவான்.

உயிருக்கு ஆபத்தென்றால் வீட்டிலேயே ஞானஸ்நானம் கொடுக்கலாம். பள்ளிக்கூடத்தில் நானே இதைக் கற்பித்திருக்கிறேன். சுவாமியாரிடம் கேட்டு வரும்படி கணவரை அனுப்பினேன். அவர் திரும்பி வந்து, நனைந்த கோட்டைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டார்.

"பால் குடிக்கிறானான்னு கேட்டாரு. குடிக்கிறான்னேன். அழுறானான்னு கேட்டாரு. ஊருக்கே கேக்குதுன்னேன். அப்ப ஆபத்து இல்ல, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கொண்டு வாங்கன்னுட்டாரு."

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"சாமிகிட்டப் பொய் சொல்லச் சொல்றியா?"

ஞாயிற்றுக்கிழமை மழை விடவில்லை. ஞானத்தாயாக வந்தவர் கணவரின் அக்கா. குழந்தையைச் சுற்றிய துணியை நான் அவிழ்ப்பதும் மறுபடி சுற்றுவதுமாக இருந்தேன்.

"குடு புள்ள, பஸ் போயிரும். நான் என்ன இவன மகாவலி ஆத்துலயா முக்கப் போறேன்?"

"அடுத்த ஞாயிறு போனா என்ன மதினி?"

"ஊரான் பிள்ளைக்கெல்லாம் ஞானோபதேசம் சொல்லிக் குடுத்தவ பேசுற பேச்சா இது?"

கொடுத்தேன். கீழ்ப்படிந்தேன் என்று சொல்வதா, எதிர்த்துப் பேச வலுவில்லை என்று சொல்வதா, தெரியவில்லை. அவர்கள் போனபின் செபமாலையை எடுத்தேன். அருள் நிறைந்த மந்திரம் பாதியில் நின்று நின்று போனது. காது முழுக்க ஓட்டுக்கூரை மழையில் இருந்தது.

மத்தியானம் திரும்பினார்கள். "ஞானஸ்நானத்துல சாமி உப்ப நாக்குல வச்சதும் மூஞ்சியச் சுளிச்சான் பாரு, அப்படியே உன்னையப் போல" என்று மதினி சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு நாளில் இருமல் தொடங்கியது. டாக்டர், அந்த மாதம் பாதி வீடுகளில் இந்தச் சளிதான் என்றார். மழையில் கொண்டுபோனதாலா என்று கேட்டேன். "அதை யாரம்மா சொல்ல முடியும்?" என்றார்.

நாற்பது நாள் முடிந்தபோதும் இருமல் நிற்கவில்லை. பிரசவத்துக்காக நன்றி சொல்ல நான் கோயிலுக்குப் போக வேண்டிய நாள் அது.

"இவன் இப்படிக் கிடக்கையில என்னத்துக்குங்க நன்றி?"

கணவர் பிள்ளையின் முதுகைத் தடவிக் கொடுத்தார். பிறகு, "எனக்கும் தெரியல. போயிட்டு வந்திரு" என்றார்.

போனேன். வழக்கப்படி கோயில் வாசலில் மெழுகுவர்த்தியோடு முழந்தாளிட்டேன். சுவாமியார் தோளில் தொங்கிய பட்டியின் நுனியை என் கையில் கொடுத்து, லத்தீனில் செபித்தபடி உள்ளே அழைத்துப் போனார். பின்னாலேயே நடந்தேன். நன்றி என்ற சொல்லை வாயால் சொன்னேன். மனம் வீட்டில் இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தது. சமாதானம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

மகன் பிழைத்தான். ஆனாலும் மழை தொடங்கினால் இன்றும் அவனுக்கு நெஞ்சு இழுக்கிறது. விடிய விடிய மடியில் நிமிர்த்தி வைத்திருப்பேன். இப்போது வயிற்றில் இன்னொன்று. இதுவும் ஐப்பசியில்தான் பிறக்கும் என்கிறாள் மருத்துவிச்சி. இதன் ஞானஸ்நான ஞாயிற்றுக்கிழமையும் துணியில் சுற்றி மதினியின் கையில் கொடுப்பேன். பயமில்லாமல் கொடுப்பேன் என்று மட்டும் ஆண்டவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை.