துரு பிடிக்கிற இடம்

துப்பாக்கி வாங்க பெங்களூரிலிருந்து வந்தவர், கொஞ்சம் தேங்காயெண்ணெய் கேட்டு வாங்கிக் குழலைத் துடைத்தார். எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாடை என்னை ஓசூரில் நாங்கள் இருந்த பழைய வாடகை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. போகாமலே இருந்திருக்கலாம்.

அது கருமருந்து இடித்துச் சுடும் பழங்காலத் துப்பாக்கியின் நகல். குழலை அடைத்து, சுவரில் மாட்டுவதற்கென்றே செய்தது. ஆனால் அப்பாவுக்கு அது திப்பு படை விட்டுப்போன துப்பாக்கி. கேஸ் சிலிண்டர் போட வந்தவரைக்கூட உட்காரவைத்துக் கதை சொல்வார். ஆயுத பூஜைக்கு வீடே அமளிப்படும்போது, அவர் மட்டும் உப்புத்தாளோடு உட்கார்ந்து குழலின் அடியில் ஒரே இடத்தைப் பரபரவென்று தேய்ப்பார்.

"அங்க மட்டும் ஏம்ப்பா தேய்க்கற?"

"துருடா. விட்டா குழலையே தின்னுடும்."

"வருசா வருசம் அந்த ஒரே எடத்துக்குத்தான் துரு வருமா? வந்து ஒட்டடை அடிங்க!" என்று அம்மா கத்துவார்.

பெங்களூரிலிருந்து வந்தவர் குழலின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "செஞ்ச கம்பெனியோட முத்திரை இங்கதான் இருக்கணும் சார். நகலுக்கும் ஆசையா வாங்கற ஆள் இருக்காங்க. ஆனா முத்திரை வேணும். இதை யாரோ தேச்சே அழிச்சிருக்காங்களே, யாரு?"

பழசும் இல்லை, உருப்படியான நகலும் இல்லை. செத்த பிறகும் அப்பா என்னை இப்படி நிற்கவைத்துவிட்டாரே என்று பல்லைக் கடித்தேன்.

"துரு சார்," என்றேன். "விட்டா குழலையே தின்னுடும்."