கடலோர ஊருக்குப் போன அரிசிச் சிப்பம்

அந்த ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களும் குடும்பத்தோடு கிளம்பிவிடுவீர்கள். ஏற்கெனவே அங்கே வண்டி நிறுத்த இடம் கிடையாது. நாகப்பட்டினத்தைத் தாண்டி, கடலை ஒட்டி, பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். அவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் வேன் ஓட்டுகிறவன். பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். யார் யாரை விட்டார்கள் என்பதில் இன்றுவரை வீட்டில் இரண்டு கட்சி இருக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் காலையில் கோயில், மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் அந்தக் கடற்கரை என்று கொண்டுபோய் இறக்குவது என் பிழைப்பு. கல்லூரி திறக்கிற மாதங்களில் பிள்ளைகளை இறக்குவேன். ஒரு பிள்ளை, இரண்டு பெட்டி, ஒரு வாளி, அழுகிற அம்மா ஒன்று. இதுதான் ஒரு நடைக்குச் சரக்கு.

இறங்கும்போது வாளியைக் கட்டிக்கொண்டு அழுத அதே பிள்ளை, பொங்கலுக்குக் கூட்டிவரப் போனால் வண்டியில் ஏற மாட்டேன் என்று நிற்கும். அந்த ஊர் அப்படி. பல்கலைக்கழகத்துக்குள் ஒரு சாலை நேரே போய் மணலில் முடியும். வகுப்பு விட்டதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாரும் அந்தப் பக்கம் நடப்பார்கள். வெளியூர்க்காரர்களும் கூடவே நடப்பார்கள். நூலகப் படியில் உட்கார்ந்து குச்சி ஐஸ் தின்பார்கள். திரும்பும்போது என் வண்டியில் யாராவது ஒருவர் பெருமூச்சு விடுவார்: "நாமளும் இங்க படிச்சிருக்கணும்ங்க." ஐஸ் குச்சியை வண்டிக்குள்ளேயே போட்டுவிட்டு இறங்குகிற ஆளாகவும் அவர்தான் இருப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், முன் சீட்டு காலியாக இருக்கிறதே என்று என் தங்கச்சியை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். நான் செய்த தப்பு அது. எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். இவள் மட்டும் ஒரு ஆய்வுக்கூடத்து ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு உள்ளே கண்ணாடித் தொட்டிகளில் என்னென்னவோ நீந்துவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கூப்பிட்டால் வரவில்லை. ஹாரன் அடித்தேன், அதற்கும் வரவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு வேறு ஊர் கிடையாது, வேறு படிப்பும் கிடையாது. கடல் உயிரியல். விண்ணப்பித்தாள், இடமும் கிடைத்துவிட்டது.

அப்பாவுக்கு அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"ஊரு நல்லாத்தான்டா இருக்கும். சோறு?"

எங்கள் அப்பாவை உங்களுக்குத் தெரியாது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் நாங்கள் நெல் விவசாயம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் எல்லாரும் பாயசம் எப்போது வரும் என்று பார்ப்பார்கள். அப்பா இலையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்குவார், நுனிப்பல்லில் கடிப்பார், கண்ணை மூடுவார். பிறகு தீர்ப்பு வரும்: "பொன்னிதான். ஆனா ஆத்துத் தண்ணி இல்ல, போர் தண்ணி." பக்கத்து இலைக்காரர் வாயில் வைத்த சோற்றோடு அப்படியே பார்ப்பார். அப்பாவின் நாக்குக்கு எங்கள் சொந்தக்காரர்கள் நடுவில் அப்படி ஒரு மரியாதை.

அந்த நாக்குக்கு இப்போது ஹாஸ்டல் சோற்றின் மேல் சந்தேகம். நன்னிலம் பக்கம் இருக்கிற கல்லூரி என்றால் தினமும் வீட்டுச் சோறு தின்றுவிட்டுப் பஸ்ஸில் போய் வரலாம். அங்கே கடல் உயிரியல் இல்லையே என்றால், "அங்க கெமிஸ்ட்ரி இருக்குல்ல, ரெண்டும் சயின்ஸுதானே" என்பார். சேருவதற்குக் கடைசி நாள் வரை இழுத்தார். கடைசி நாள், மாலை நான்கு மணிக்குள், பெற்றவர் நேரில் வந்து ஹாஸ்டல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். "வரேன், ஆனா பாத்துட்டுத்தான் கையெழுத்து" என்றார். சரி, அந்த ஊரைப் பார்த்தால் விழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அது திறந்திருந்தால்தான் செய்தி. வண்டியை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பினால், கடைசி சீட்டில் தங்கச்சியின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு இருபத்தைந்து கிலோ சிப்பம் சீட்டு பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"என்னப்பா அது?"

"நம்ம வயல் பொன்னி. ஹாஸ்டல்ல குடுத்து, பாப்பாவுக்கு மட்டும் இத தனியா வடிச்சுப் போடச் சொல்லணும்."

"தனியாவா? அங்க எண்ணூறு பொண்ணுங்க சாப்பிடுதுப்பா."

"எண்ணூறு பேருக்கு வடிக்கிறவனுக்கு இன்னொரு ஆழாக்கு கஷ்டமா?"

தங்கச்சி நெற்றியை முன் சீட்டில் முட்டிக்கொண்டாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா எதற்குத் திரும்பினாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

"அதுக்கு எதுக்குப்பா பெல்ட்டு?"

"பிரேக் போட்டா சாஞ்சிடும்ல."

இத்தனை வருஷத்தில் என்னை ஒருநாள் பெல்ட் போடச் சொன்னதில்லை.

போய்ச் சேர்ந்ததும் என் முழுத் திறமையையும் இறக்கினேன். காசு கொடுத்து வருகிறவர்களுக்குக்கூட அப்படிச் சுற்றிக் காட்டியதில்லை. முதலில் அந்தச் சாலை. இரண்டு பக்கமும் புன்னை மரம், முடிவில் நீலமாகக் கடல். அப்பா நின்று பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"இவ்ளோ தண்ணி," என்றார். "ஒரு மா நிலத்துக்குப் பாய உதவாது."

நூலகத்தைக் காட்டினேன். "ஃபேன் நிறைய ஓடுது" என்றார். தங்கச்சி ஆசை ஆசையாக அந்த ஆய்வுக்கூடத்து ஜன்னலுக்குக் கூட்டிப்போய்த் தொட்டிகளைக் காட்டினாள். அப்பா கண்ணாடியில் தட்டி, "இதெல்லாம் குழம்பு வைக்கிற மீனா?" என்றார். மணலில் ஒரு வெளியூர்க் குடும்பம் அப்பாவின் கையில் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்தார். அப்புறம் பார்த்தால் படம் முழுக்கக் கடலும் வானமும். அந்தக் குடும்பத்தில் வந்தது நான்கு பேரின் தலைமுடி மட்டும். "நீங்கதான கடலப் பாக்க வந்தீங்க?" என்று அவர்களையே கேட்டார்.

புத்தகத்தைக் கட்டிக்கொண்டு போன ஒரு பையனை நிறுத்தினார். "தம்பி, மெஸ்ஸுல என்ன அரிசி போடுறாங்க?"

பையன் பாவம், யோசித்தான். "வெள்ளையா இருக்கும் அங்கிள்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! இந்தப் பையனைப் பெற்றதே நான்தான் என்பது மாதிரி.

ஹாஸ்டலுக்குப் போகும்போது மணி மூன்று. சிப்பத்தை என் தோளில் ஏற்றிவிட்டார். வாசலில் வார்டன் அம்மா எங்களைப் பார்த்தார், சிப்பத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன இது?"

"அரிசிங்க மேடம்," என்றேன். "எங்க அப்பாவோட சர்ட்டிபிகேட்."

"வெளியிலேர்ந்து சமையல் பொருள் எதுவும் உள்ள வரக்கூடாதுங்க. ரூல்ஸ்."

"வெளிப்பொருள் இல்லைங்க," என்றார் அப்பா பணிவாக. "எங்க சொந்த வயல்லேர்ந்து வருது."

"சார், வர்ற ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வீட்டு அரிசியக் கொண்டாந்தா எண்ணூறு பானை வைக்கணும்."

அப்பா யோசித்தார். அப்பாவுக்கு அதில் பெரிய சிரமம் எதுவும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வார்டன் படிவத்தையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார். "கையெழுத்துப் போட்டா உடனே ஆபீஸ்ல குடுத்துடலாம். நாலு மணிக்கு மூடிடுவாங்க."

அப்பா பேனாவைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "சோத்தப் பாக்காம எப்படிங்க?"

தங்கச்சி எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது நீடாமங்கலம் ரயில்வே கேட் திறந்திருப்பது மாதிரி. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்த விரல் வெளுத்துப்போயிருந்தது. வழக்கமாக நான் அவளை 'மீன் டாக்டர்' என்று ஓட்டுவேன். அப்போது வாய் வரவில்லை. எனக்குத் தோளில் இருபத்தைந்து கிலோ, தலைக்குள் அதைவிடக் கனமாகக் கோபம்.

"மேடம், ஒரு அஞ்சு நிமிஷம் சமையல்கட்டக் காட்டிடுங்க. இவரு கடிச்சுப் பாக்காம நகர மாட்டாரு."

என் முகத்தைப் பார்த்தோ, சிப்பத்தைத் தன் வாசலிலிருந்து எப்படியாவது கிளப்ப நினைத்தோ, கூட்டிப்போனார். உள்ளே மத்தியானச் சமையல் முடிந்து பெரிய பெரிய பாத்திரங்கள் கவிழ்ந்து கிடந்தன. சமையல் மாஸ்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த சோற்றை ஒரு தட்டில் வைத்து நீட்டினார். அப்பா பருக்கையை எடுத்தார், நசுக்கினார், கடித்தார், கண்ணை மூடினார். மாஸ்டர், வார்டன், நாங்கள் மூன்று பேர், எல்லாரும் ஏதோ ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் நின்றோம். சுவர்க் கடிகாரம் மூன்று இருபத்தைந்து காட்டியது.

கண்ணைத் திறந்தார். "கொட்ட அரிசி. ரேஷன் மாதிரி இருக்கு."

"கவர்மெண்ட் அரிசிதான் சார்," என்றார் மாஸ்டர். "நல்லா ஊற வெச்சு, பதமா வடிச்சது. ஒரு பிள்ளையும் குறை சொன்னதில்ல."

"இருக்கலாம் தம்பி. பதினேழு வருஷம் ஆத்துத் தண்ணிப் பொன்னி தின்ன தொண்டை. இதெல்லாம் எம்பொண்ணுக்கு எறங்காது. வாம்மா போலாம்."

தங்கச்சியின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. நான் சிப்பத்தைத் தரையில் டமாரென்று போட்டேன். வாயைத் திறக்குமுன் எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"எறங்கும்."

அம்மா. காலையிலிருந்து அம்மா பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நீ சும்மா இரு," என்றார் அப்பா.

"மூணு வருஷமா சும்மாதான இருந்தேன். மூணு வருஷமா நம்ம வீட்டுல இந்த அரிசிதான் வடிக்கிறேன்."

"என்ன?"

"ரேஷன் அரிசிங்க. வீட்டுச் சாப்பாட்டுக்குன்னு அரைச்சு வெக்கிறத, வர்றவன் போறவனுக்கெல்லாம் 'நம்ம வயல் பொன்னி, கொண்டுபோங்க'ன்னு சிப்பம் சிப்பமா தூக்கிக் குடுத்துடுறீங்க. உங்க அக்கா வீட்டுக்கு ரெண்டு, மச்சான் வீட்டுக்கு ரெண்டு, வண்டி பஞ்சரு ஒட்டினவனுக்கு ஒண்ணு. அதுக்கப்புறம் வீட்டுல என்ன இருக்குன்னு ஒருநாள் வந்து பாத்தீங்களா? நான் எத வடிப்பேன்? இதோ, இதத்தான். நேத்து ராத்திரி ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னுட்டு 'பொன்னின்னா பொன்னிதான்'னு சொன்னீங்களே. அதுவும் இதுதான்."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க என்ன பாடு பட்டேன் என்பது என் உதட்டுக்குத்தான் தெரியும்.

அப்பா தட்டைப் பார்த்தார். இன்னொரு பருக்கையை எடுத்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை. மெதுவாக மென்றார். பிறகு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு முழுங்கினார்.

"உனக்குத் தெரியுமா?" என்று தங்கச்சியைக் கேட்டார்.

"தெரியும்ப்பா."

"உனக்கு?"

"நான்தானே ரேஷன் கடையிலேர்ந்து வண்டியில ஏத்திட்டு வர்றேன்," என்றேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. கோழிக்கு என்று சொல்லித்தான் அம்மா வாங்கிவரச் சொல்வாள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கும் தெரியாது என்று அப்பா கட்சியில் போய்ச் சேர மனசு வரவில்லை.

அப்பா கையைக் கழுவினார். வேட்டியில் துடைத்தார். "அந்தப் பேப்பர எடுங்க மேடம்."

மூன்று ஐம்பதுக்கு நான் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். படிக்கிற காலத்தில் அப்படி ஓடியிருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நானும் அங்கேயே சேர்ந்திருப்பேன்.

சிப்பம் விஷயம் முடியவில்லை. வார்டன் கடைசி வரை வாங்கவில்லை. கொடுப்பதற்காக வீட்டை விட்டு வெளியே போன அரிசி திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது என்றார் அப்பா. வண்டி ஹாஸ்டல் கேட்டைத் தாண்டும் வரை அம்மா பொறுத்தாள். அப்புறம், "வரட்டும். நாளைக்காவது நம்ம அரிசிய நாம தின்போம்" என்றாள். திரும்பி வரும்போதும் சிப்பம் பெல்ட் போட்டுக்கொண்டுதான் வந்தது. தங்கச்சி உட்கார்ந்திருந்த சீட்டில்.

மறுநாள் மத்தியானம், எங்கள் வயல் பொன்னி இலையில் விழுந்தது. அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார். நிறுத்தினார். சந்தேகமாக அம்மாவைப் பார்த்தார்.

"இது... எதுடி?"

"நீங்களே சொல்லுங்க," என்று மோரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள் அம்மா.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி போன். நான் ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் கடல் சத்தமும் பொண்ணுங்கள் கத்துகிற சத்தமும் கலந்து வந்தது.

"சாப்பிட்டியாம்மா?" என்றார் அப்பா. "சோறு எப்படி இருக்கு?"

"நம்ம வீட்டுச் சோறு மாதிரியேதான்ப்பா இருக்கு."

அப்பா என்னை முறைத்தார். நான் எதுவும் செய்யவில்லை. மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"சரி. வயிறு நிறையத் தின்னு," என்றார். பிறகு, "அந்த ஜன்னல்கிட்டப் போனியா? தொட்டியெல்லாம் பாத்தியா?" என்றார்.

"லேப் உள்ளயே விட்டாங்கப்பா!" என்று அவள் ஆரம்பித்தாள். இலையில் சோறு காய்கிற வரை நிறுத்தவில்லை. அப்பா எச்சில் கையோடு கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இப்போது டீக்கடையில் அப்பாதான் அந்த ஊருக்கு ஏஜெண்ட். "புன்னை மரம், கடல், நூலகம், அடேயப்பா! பிள்ளைங்கள அங்க சேருங்கய்யா. எம்பையன் வண்டி இருக்கு" என்கிறார். போன வாரம் பெரியப்பா மகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கேட் மூடியிருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். கடைசி சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு ஒரு சிப்பம்.

"உங்க அப்பா குடுத்தாருப்பா," என்றார் பெரியப்பா பெருமையாக. "உங்க வயல் பொன்னியாமே!"