கடல் மூடியிருந்த மாதங்களின் மீன்

ஊர்காவற்றுறைக் கரையில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில்தான் என் கணவருக்கு வேலை. மீன்பிடி இலாகாவுக்காகக் கணக்கெடுப்பவர். வள்ளங்கள் வந்ததும் கூறியான் ஒவ்வொரு குவியலாக ஏலம் கூறுவார். இவர் பக்கத்தில் நின்று எந்த மீன், எவ்வளவு நிறை என்று குறித்துக்கொள்வார். தொழிலாளிகள் தங்கள் வீட்டுச் சமையலுக்கென முதலிலேயே எடுத்துவைக்கும் கறிமீன் மட்டும் கணக்கில் சேராது. மாத முடிவில் கணக்கெல்லாம் யாழ்ப்பாணத்திலுள்ள இலாகாவின் பெரிய கந்தோருக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குப் போகும். நான் அந்தக் கரையோரப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். வீடு பக்கத்து ஊரான கரம்பொன்னில்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கடலில் தொழில் செய்ய அரசாங்கம் தடை போட்டது; கடற்படை ரோந்து வந்தது. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. முழங்கால் தண்ணீரில் வீச்சுவலை எறிந்து பிடித்தது வீட்டுக் கறிக்கே போதாது. ஏலம் நின்றுவிட்டது. என் கணவர் எல்லா மீன்களுக்கும் எதிரே பூச்சியம் எழுதி அனுப்பினார்.

சில நாட்களில் அவருடைய மேலதிகாரி வீட்டுக்கே வந்தார். நான் குசினியில் தேநீர் ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தடையாலை தொழிலுக்குப் பாதிப்பில்லை எண்டு மந்திரி சொல்லிப்போட்டார். நீர் பூச்சியம் போட்டால் அவர் பொய் சொன்ன மாதிரியெல்லோ வரும்?"

"மந்திரி சொன்னது மீனுக்குக் கேக்கேல்லைப்போலை, சேர்."

"பகிடி விடாதையும். போன வருசக் கணக்கைப் பாத்து, கொஞ்சம் கூட்டிக் குறைச்சு எழுதும். ஆருக்கு நட்டம்?"

"ஏலாது சேர். நிறுக்காத மீனை நான் எழுதமாட்டன்."

அதிகாரி தேநீரை மெதுவாகக் குடித்தார். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி அன்பாகத்தான் விசாரித்தார். எழும்பும்போது, "தெற்கிலை ஒரு இடம் காலியாக் கிடக்கு. மாற்றம் வந்தால் குடும்பத்தோடை போவீரோ?" என்றார். கலவரத்தில் எங்கள் ஆட்களின் வீடுகள் எரிந்தது அந்தத் தெற்கில்தான்.

அடுத்த மாதமும் பூச்சியம். அதற்கடுத்த மாதமும் பூச்சியம். இடமாற்றம் வரவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. கரையிலுள்ள குடும்பங்களுக்கு அரிசியும் மாவும் கேட்டுக் மாதா கோயில் சுவாமியார் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தபோதுதான் காரணம் புரிந்தது. புள்ளிவிபரத்தின்படி மீன்பிடி வழமைபோல் நடைபெறுகிறது, நிவாரணம் தேவையில்லை என்றிருந்தது. இவருடைய பூச்சியங்களை எடுத்துவிட்டு, மேலே யாரோ வேறு கணக்குப் போட்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடம் விட்டுக் கரைக்குப் போனேன். கடிதத்தைப் பற்றி அறிந்த ஆட்கள் என் கணவரைச் சுற்றி நின்றார்கள். கூறியான் ஒரு வெறும் ஓலைக் கடகத்தைக் காலடியில் வைத்து, ஏலக் குரலில் கூறத் தொடங்கினார்.

"கொழும்புப் பாரை! முள்ளுமில்லை, நாத்தமுமில்லை! ஆர் கேக்கிறியள்?"

சனம் சிரித்தது. என் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தாய் முன்னால் வந்தாள். "ரீச்சற்றை மனுசன் பிடிச்ச மீனெல்லோ. அவருக்கே குடுங்கோ அண்ணை, கொண்டுபோய்க் கறி வைக்கட்டும்."

"நான் பூச்சியம்தான் எழுதினனான், பிள்ளை," என்றார் என் கணவர்.

"அப்ப அந்த மீனை ஆர் ஐயா பிடிச்சது?" என்று கேட்டுக் கூறியான் கடகத்தைக் கவிழ்த்தார்.

தான் அனுப்பியது பூச்சியமே என்று எழுதிக் கையெழுத்திட்டு, சுவாமியாரிடம் கொடுக்கப் புறப்பட்டார் என் கணவர். நான் மறித்தேன். "தெற்குக்கு அனுப்பினால் பிள்ளையளை எங்கை கொண்டுபோறது?"

"கரையிலை கிடக்கிறதும் பிள்ளையள்தானே," என்றார்.

சுவாமியார் அதை மேலிடத்துக்கு அனுப்பினார். அது யார் மேசையில் கிடந்ததோ தெரியாது. அதற்குள் பசி பொறுக்காமல் சிலர் தடையை மீறிக் கடலுக்குப் போனார்கள். அந்தச் சிறுமியின் தகப்பனும் போனார். நான் வகுப்பில் நிற்கையில் கடல் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. அவர் போன வள்ளம் திரும்பவில்லை. இப்போதும் எங்காவது ஒரு வெடி கேட்டால், பிள்ளைகள் இருவரையும் கண்ணால் காணும்வரை தேடி நடப்பேன்.

பிறகு நிவாரணம் வந்தது, தடையை மதித்துத் தொழிலுக்குப் போகாதவர்களுக்கு மட்டும். பள்ளிக்கூடத்தில் வைத்துக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த உத்தியோகத்தர் ஒருவர் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். அந்தச் சிறுமியின் தாயுடைய முறை வந்தது.

"மனுசன் கடலுக்குப் போறவரோ?"

"போனவர்."

"அப்ப உங்களுக்கு இல்லை."

பக்கத்தில் இருந்த நான் எழும்பி, அவர் திரும்பி வரவில்லை என்றேன். இறப்புப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். சடலமே கிடைக்கவில்லை, பத்திரத்துக்கு எங்கே போவது? அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

பின்னேரம் எங்கள் வீட்டு அரிசியில் ஒரு பை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கூப்பிட்டும் அவள் வெளியே வரவில்லை. வேலிப் படலையடியில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் பார்க்கையில் பை அங்கேயே இருந்தது. கோழிகள் கிழித்து, அரிசி மணலில் கலந்திருந்தது.