ஐந்து மணிக்கு எழும்பும் இருபத்தொன்பது பேர்

மற்றவர்களுக்கு நல்ல பழக்கம் பழக்கிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர்களை எங்கே கண்டாலும் அடையாளம் பிடிக்கலாம். கட்டாத கரண்ட் பில் ஒன்று அவர்களுடைய கைப்பையில் நாலாய் மடித்து இருக்கும். என்னைப் போல ‘வெளிக்கள உத்தியோகத்தர்’ என்று கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டு அலைகிற சகோதரங்களே, உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வேன்?

பெரியகல்லாற்றுக்குக் கிட்ட ஓர் ஆற்றங்கரைக் கிராமம். கடலோடு கலக்கும் வாவியை எங்கள் பக்கத்தில் ஆறு என்றுதான் சொல்வோம். முப்பது பெண்களுக்கு எங்கள் நிறுவனத்தின் எட்டு மாதப் பயிற்சி: நேரத்தைத் திட்டமிடுவது, செலவைக் குறைப்பது, சேமிப்பது. முடிவில் மதிப்பீட்டில் தேறியவர்களில் பத்துப் பேருக்குப் பெரிய பிரீசர். எனக்கு, எல்லாம் நல்லபடி நடந்தால், இன்னும் ஒரு வருட ஒப்பந்தம்.

பிரீசர் என்றதும் முதலில் நிமிர்ந்தவள் யோகேஸ்வரி. மீன் நிரப்பிய அலுமினியப் பேசினைத் தலையில் வைத்து நடந்தே விற்கிறவள். புருஷன் நெஞ்சு வருத்தம் வந்து மருந்தும் பாயுமாய்ப் படுத்துவிட்டான், பிள்ளைகள் மூன்று. பகலுக்குள் விற்றுத் தீராத மீனை வியாபாரி ஒருவன் பாதி விலைக்கும் கீழே எடுத்துக்கொள்வான். கொடுக்காவிட்டால் நாறிப் போகும், வேறு வழியில்லை. முதல் நாளே கேட்டாள்: “பிரீசர் கிடைச்சா அவனுக்கிட்ட மீன் குடுக்கத் தேவையில்ல தானே மிஸ்?”

அலாரம்

கைத்தொலைபேசியில் வேலைகளுக்கு அலாரம் வைப்பதுதான் முதல் பாடம். ஒவ்வொரு வேலைக்கும் அவரவர் குரலையே பதிந்து வைக்கலாம் என்று காட்டியதும் மண்டபமே கலகலத்தது. இரண்டு மணித்தியாலம் மெனக்கெட்டு எல்லோருக்கும் வைத்துக் கொடுத்தேன். வெற்றிதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த கிழமை ரஞ்சினி என்கிற பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். அது விடிய வெள்ளனப் புருஷனோடு தோணியில் போய்விடும். அதைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை, சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை. மனுஷன் வலையை இழுத்துக்கொண்டிருக்க, பெண்சாதியின் குரலில் மடிக்குள்ளிருந்து ஒரு அதட்டல் வந்திருக்கிறது. ரஞ்சினி சொன்னாள்: “ஆத்துக்கு நடுவுல நிண்டு நான் எந்தப் பிள்ளைய வெளிக்கிடுத்தி ஸ்கூலுக்கு அனுப்புற எண்டு கேட்கிறார் மிஸ்.”

தேவை, விருப்பம்

தாளின் நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் தேவை, மறுபக்கம் விருப்பம் என்று எழுதச் சொன்னேன். விருப்பத்தை வெட்டினால் காசு மிஞ்சும் என்பது பாடம். கமலா அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும், தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்துத்தான் எழுதினா. எழுதி முடித்ததை வாங்கிப் பார்த்தேன். விருப்பம் என்ற பக்கத்தில் ‘கண்ணாடி’ என்று ஒரே ஒரு சொல். தேவை என்ற பக்கத்தில் தம்பி மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குப் போட வேண்டிய மோதிரம்.

மாற்றி எழுதிவிட்டீர்களா அக்கா என்று கேட்டேன். இல்லையாம். நான் விளங்கப்படுத்தினேன், படம் கீறினேன், கண் கெட்டால் என்ன ஆகும் என்று வெருட்டியும் பார்த்தேன். அவ பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னா: “கண்ணாடி இல்லாட்டித் தடவித் தடவியாவது நடப்பன் புள்ள. மோதிரம் இல்லாம அந்த வீட்டு வாசல்ல எப்பிடி ஏறுற?”

எங்கள் நேரம்

நேரத்தை மிச்சம் பிடிக்க நான் நடத்தும் வகுப்பு இரண்டு மணித்தியாலம். அது நடந்தது என்பதற்கு வரவுத் தாள், படம், நாளறிக்கை, வார அறிக்கை, வார அறிக்கையின் சுருக்கம். சுருக்கம் அறிக்கையை விட நீளமாக வர வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் விருப்பம். என்னோடு வேலை செய்யும் காத்தான்குடி நஸ்ரின் ஒரு நாள் தட்டச்சுப் பலகையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: “நமக்கு ஆராவது இந்த வகுப்ப எடுத்தா நல்லம் தங்கச்சி, ஆனா போறதுக்கு நேரமில்ல.”

மாதிரி

ஏழாம் மாதம் ஒவ்வொருவரும் தங்கள் நாளாந்த நேர அட்டவணையை எழுதித் தர வேண்டும். மதிப்பீட்டில் பாதிப் புள்ளி அதற்குத்தான். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றார்கள். என்னுடைய நாளையே மாதிரியாகப் பலகையில் எழுதிக் காட்டினேன். காலை 5.00 எழும்பல். 5.15 தேகப்பயிற்சி. 7.45 ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடித்தல். 8.30 அலுவலகத்தில் கையொப்பமிடல். இப்படியே இரவு 9.00 நித்திரை வரைக்கும்.

மதிப்பீட்டாளர் வருவதற்கு முதல் நாள் பின்னேரம்தான் தாள்கள் கைக்கு வந்தன. முதலாவது தாளில் ரஞ்சினி 7.45க்கு ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடிக்கிறாள். அவளிடம் சைக்கிள்கூட இல்லை. கமலா அக்கா 8.30க்கு அலுவலகத்தில் கையொப்பமிடுகிறா. ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டினேன். இருபத்தொன்பது தாளிலும் என் வாழ்க்கை, முத்து முத்தான எழுத்தில். கமலா அக்காவின் வீட்டுக்கு ஓடிப்போய் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். மாவு பிசைந்த கையோடு வெளியே வந்து சொன்னா: “மிஸ் எழுதித் தந்ததுல பிழை இரிக்காது எண்டுதான் ஒரு எழுத்தும் விடாம எழுதின.”

முப்பதாவது தாள்

நான் பலகையில் எழுதிய அன்றைக்கு யோகேஸ்வரி மீன் விற்றுவிட்டு வந்து சேர்வதற்குள் பலகையை அழித்தாயிற்று. அதனால் அவள் தன்னுடைய நாளையே எழுதியிருந்தாள். 3.00 எழும்பல். 4.00 ஆற்றங்கரையில் மீன் எடுத்தல். 5.30 முதல் நடத்தல். 12.00 மிச்ச மீனை வியாபாரிக்குக் கொடுத்தல். 12.30 அவருக்கு மருந்து கொடுத்தல். 1.00 சும்மா இருத்தல், கொஞ்ச நேரம். அதற்குக் கீழேயும் பதினொரு வேலை இருந்தது.

மதிப்பீட்டாளர் படிவத்தோடு வந்து சரி போட்டுக்கொண்டே போனார். ஒரு தாளில் நின்று, “அலுவலகமா?” என்றார். தொழில் செய்யும் இடத்தை அப்படிச் சொல்வார்கள் என்றேன். தலையாட்டினார். யோகேஸ்வரியின் தாளில் பேனா தயங்கியது. தேகப்பயிற்சி இல்லை. எட்டு மணித்தியால நித்திரை இல்லை. சும்மா இருத்தல் வேறு. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மற்ற இருபத்தொன்பதும் என்னைப் பார்த்து எழுதியவை, இது ஒன்றுதான் உண்மை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவளுக்குப் பிரீசர் கிடைத்திருக்குமோ தெரியாது, என் ஒப்பந்தம் போயிருக்கும் என்பது நன்றாகத் தெரியும். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டுச் சொன்னார்: “இருபத்தொன்பது பேர ஒழுங்குக்குக் கொண்டுவந்திருக்கிறீங்க மிஸ், இந்த அம்மாவுக்குத்தான் இன்னும் திட்டமிடத் தெரியல்ல.”

பிரீசர் வந்த நாள்

தேறிய இருபத்தொன்பது பேரில் சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேருக்குக் கொடுத்தோம். ரஞ்சினிக்கும் விழுந்தது. கரண்ட் பில்லுக்குப் பயந்து அவள் அதை இன்னும் செருகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். என் ஒப்பந்தக் கடிதமும் அந்தக் கிழமையே வந்தது.

லொறியிலிருந்து கடைசிப் பிரீசரை இறக்கிக்கொண்டிருக்கும்போது யோகேஸ்வரி அந்த வழியால் வந்தாள். பேசினில் மீன் பாதிக்கு மேல் மிச்சம். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் பேசினை இறக்கி வைத்துவிட்டு, தவறு செய்த பிள்ளை மாதிரி எனக்கு முன்னால் நின்றாள். “அடுத்த முற சரியா எழுதுறன் மிஸ். நீங்க எத்தின மணிக்கு எழும்புற எண்டு மட்டும் ஒருக்காச் சொல்லுங்க.”

“ஐந்து மணிக்கு” என்றேன். ஏழு மணிக்கு எழும்புகிற நான் இந்த எட்டு மாதத்தில் விடாமல் கடைப்பிடித்த ஒரே பழக்கம் இந்தப் பொய்தான்.