அட்டைக்கு எரியாது

அந்த அழகு நிலையத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘அரைவேக்காடு’. மங்கு போக்கும் பூச்சைப் பத்து நிமிடம் முகத்தில் விட வேண்டும் என்று சுவரில் அட்டை தொங்குகிறது. அவளோ சிலருக்கு நான்கிலேயே துடைத்துவிடுவாள். தடித்த தோலுக்குப் பன்னிரண்டும் விடுவாள், அதை யார் பேசுகிறார்கள்?

சேர்ந்த புதிதில் அவளுக்கும் அட்டைதான் வேதவாக்கு. “எரியுதுக்கா” என்று தங்கை சொல்லச் சொல்ல, “இன்னும் மூணு நிமிஷம் பொறுத்துக்கோடி” என்று கடிகாரத்தைப் பார்த்து நின்றவள். தோல் வெந்து தங்கையின் கன்னத்தில் விழுந்த கறுப்பு மறைய எட்டு மாதமாயிற்று. தங்கை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதிலிருந்து அட்டையை விட்டு முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். ‘பாதியிலேயே துடைச்சிட்டா’ என்று புகார்கள் வந்தன. “இன்னொண்ணு வந்துச்சுன்னா வேலைக்கே வர வேண்டாம்” என்றாள் முதலாளியம்மா. வீட்டில் இவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது. “சரிக்கா” என்றாள்.

அன்று மதியம் ஒரு டீச்சர் வந்தார்.

“வீட்டுல ஏதாவது க்ரீம் போடுறீங்களா மேடம்?”

“சோப்பு மட்டும்தாம்மா.”

இந்த ஒரு தடவை பத்து நிமிடமும் விட்டுவிடுவது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு பூசினாள். நான்காவது நிமிடத்தில் டீச்சரின் கால்விரல்கள் மடங்கின.

“எரியுதா மேடம்?”

“லேசா. எரிஞ்சாத்தானே வேலை செய்யும்?”

இந்தப் பேச்சைக் கண்டுபிடித்தவர் நாசமாய்ப் போக. பஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டாள்.

“முழுசாப் பண்ணச் சொல்லித்தானே வந்தேன்?” என்று டீச்சர் குரலை உயர்த்த, முதலாளியம்மா வந்துவிட்டாள்.

“அட்டையில என்ன போட்டிருக்கு?”

“பத்து நிமிஷம்க்கா.”

“அப்புறம்?”

“அட்டைக்கு எரியாதுக்கா.”

“பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு.”

“இதை முடிச்சிட்டுப் போறேன்” என்று ஈரத்துணியைக் கன்னங்களில் ஒற்றினாள். துணியை எடுத்தபோது இரண்டு கன்னமும் சிவந்து கிடந்தன. டீச்சர் கண்ணாடியையே பார்த்தார்.

“ரெண்டு வாரமா வெள்ளையாக்குற க்ரீம் ஒண்ணு போடறேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு” என்றார் சன்னமாக.

முதலாளியம்மாவுக்கும் அது கேட்டது. ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கிற ஆளில்லை அவள்.

“அந்தக் க்ரீமைத் தூக்கிப் போடுங்க மேடம். ஒரு வாரம் வெயில்ல போகாதீங்க” என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு இவள் பையை மாட்டிக்கொண்டாள்.

டீச்சர் வாசல் வரை பின்னாலேயே வந்தார். “அடுத்த தடவை உன்னை எங்கேம்மா வந்து பார்க்கிறது?”

“தெரியலையே மேடம்” என்றாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.