ஏலத்துக்கு வந்த அகஸ்ரினாவின் சைக்கிள்

தன்னுடையதல்லாத பொருளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டு, ஊரார் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற ஒருவனைப் போன திருநாளில் பார்த்தேன். இன்றுவரை எனக்கு வயிறு எரிகிறது. அவன் பெயர் ஜெகதீபன். பிரான்சில் இருக்கிறான். பொருளுக்குச் சொந்தக்காரி அவனுடைய அக்கா அகஸ்ரினா. எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் எனக்கு அடுத்த வளவில் இருக்கிறவள். கரையோர மீன்பிடி வாடிகளில் அவள் வாங்கிவரும் மீனில் விற்றது போக மிஞ்சுவதை வெட்டி, உப்பிட்டு, காயவைப்பது நான். எங்கள் இரண்டு வீட்டு அடுப்பும் அவள் மீன் கட்டிவரும் சைக்கிளை நம்பித்தான் எரிகிறது.

அது ஒரு மவுண்டன் சைக்கிள். தடித்த ரயர், தடித்த சட்டம். முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்பிரிங் என்று ஒன்றும் கிடையாது. போர் முடிந்து வீடு கட்டித்தர வந்த ஒரு நிறுவனம் கந்தோரைப் பூட்டிக்கொண்டு போனபோது கதிரை, மேசை, அலுமாரியோடு அதையும் விற்றது. அகஸ்ரினா மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தவள். வந்த கையோடு புருஷனையும் கடலுக்குக் கொடுத்தவள். எல்லோரும் அலுமாரிக்கு அடிபட்ட நேரத்தில் அவள் போய்ச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். ஊர் சிரித்தது. இந்த ஊருக்குச் சிரிக்க மட்டும் நன்றாகத் தெரியும்.

அதற்கு முன் அவளிடம் ஸ்பிரிங் வைத்த ஒன்று இருந்தது. பார்க்க நல்ல வடிவு. ஒரு மாரிக்குள் உப்புத் தண்ணீர் அந்த ஸ்பிரிங்கைத் தின்றுவிட்டது. ஒருநாள் மீன் பெட்டியோடு வரும்போது முன்பக்கம் அப்படியே அமர்ந்துபோய், அவள் தலைகுப்புற விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஆடுகிற சாமான் ஒன்றையும் அவள் நம்புவதில்லை. குலுக்கலைத் தன் கை வாங்கிக்கொள்ளும், கை இரும்பைப் போலக் கறள் பிடிக்காது என்பாள். ரயரில் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டு, அலை வந்துபோன ஈர மணலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை மடக்கி அவள் ஓடிவரும்போது பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள்காரர்கள் புதைந்து நிற்கிற இடத்தில் அவள் ஏசிக்கொண்டே கடந்து போவாள்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அந்தச் சைக்கிளை அவசரத்துக்குக்கூட ஒருவருக்கும் இரவல் கொடுக்க மாட்டாள். கோயிலடியில் யாராவது மணியைத் தட்டிப் பார்த்தாலும் கிழி கிழியென்று கிழிப்பாள். பின்னேரம் கிணற்றுத் தண்ணீரால் கழுவி, சங்கிலிக்கு ஒயில் விட்ட பிறகுதான் தன் முகத்தைக் கழுவுவாள்.

அந்தத் திருநாளுக்கு வந்த ஜெகதீபன், மீன் தண்ணீர் ஒழுக ஒழுக அக்கா சைக்கிளில் வருவதைத் தன் கூட்டாளிகளோடு நின்று பார்த்துவிட்டான். துரைக்கு வெட்கமாகிவிட்டது. மறுகிழமையே புது ஸ்கூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். அகஸ்ரினா நல்லபடியாகத்தான் சொன்னாள், இது மணலில் ஓடாது என்று. ஓடும் என்று காட்டுவதற்காகத் தானே வாடிப் பக்கம் கொண்டுபோய்ப் பாதி சில்லுவரை புதைத்தான். இவள்தான் போய் இழுத்துக் கொடுத்தாள். அதோடு அவனுக்கு விளங்கியிருக்கும் என்று நாங்கள் நினைத்தோம்.

எங்கள் வேதக்கோயிலில் திருநாள் முடிகிற கொடியிறக்கத்தன்று ஏலம் நடக்கும். நேர்ந்துவிட்ட கோழி, தேங்காய்க்குலை, பெரிய பாரை மீன் என்று ஒவ்வொன்றாக ஏலம் கூறுவார்கள். கோயிலுக்கு என்று விட்டதைத் திரும்பக் கேட்பது ஊர் வழக்கத்தில் பெரிய குற்றம். அது தெரிந்துதான் அவன் செய்தான். தன் விருந்தாளிகளுக்குக் கணவாய்க் கறி வேண்டும் என்று அக்காவை அடுப்படியில் இருத்திவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போயிருக்கிறான். மீன் பெட்டியைக் கழற்றி எறிந்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஹாண்டிலில் மாலையும் கட்டியிருந்தான்.

ஏலம் கூறுகிற அருளப்பு அதை முன்னுக்கு இழுத்தார். அது யாருடையது என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். திருநாளுக்கு லைற் போட்டது ஜெகதீபனின் காசு என்பதால் ஒரு வாயும் திறக்கவில்லை. கருவாட்டு வியாபாரி பிரதீபன் சிரித்துக்கொண்டே ஏலக் கேள்வியை ஏற்றினான். அகஸ்ரினா சைக்கிள் ஓடாவிட்டால் வாடி மீன் முழுவதும் அவனுக்குத்தானே. நான் செருப்பையும் விட்டுவிட்டு அவளுக்குச் சொல்ல ஓடினேன்.

வந்தாள். கையில் கணவாய் மை. சனத்தை விலக்கிக்கொண்டு நேரே பங்குச் சுவாமியிடம் போனாள்.

“சுவாமி, நான் தராத என்ர பொருளைக் கோயில் எடுக்குமோ?”

சுவாமிக்கு அப்போதுதான் சங்கதி தெரிந்தது. எடுக்காது என்று தலையாட்டினார். ஜெகதீபன் குறுக்கே வந்து, ஊர் பார்க்கிறது, வீட்டில் போய்க் கதைப்போம் என்றான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியாக, பழைய இரும்புக்குப் பதிலாகப் புது ஸ்கூட்டர் அவள் பெயரிலேயே பதிந்து கொடுத்திருப்பதாகச் சொன்னான்.

“என்ர பெயரிலயோ?”

“ஓம் அக்கா. உன்ர பெயரிலதான்.”

“அப்ப அது என்ர. அருளப்பு அண்ணை, இந்தச் சைக்கிளை விடுங்கோ. என்ர ஸ்கூட்டரை நான் கோயிலுக்கு ஒப்புக்கொடுக்கிறன், அதைக் கூறுங்கோ.”

அவள் மாலையை அறுத்துத் தம்பியின் கையில் கொடுத்தாள்.

“நீ என்ர கஷ்டத்தைப் பார்க்கேல்ல தம்பி. உன்ர வெட்கத்தைத்தான் பார்த்தனி.”

ஏறிப் போய்விட்டாள். அருளப்பு ஸ்கூட்டரைக் கூறத் தொடங்கினார். சனம் முழுவதும் ஜெகதீபனின் முகத்தைப் பார்த்தது. தான் வாங்கிய ஸ்கூட்டரைத் தானே இன்னொரு முறை வாங்க வேண்டியதாயிற்று அவனுக்கு. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பாவம் என்றால் இருக்கட்டும்.

விடிய அவள் வாடிக்குப் போகத் தயாராகும்போது அவன் அவள் வாசல் படலையடியில் வந்து நின்றான். கண் வீங்கியிருந்தது. அக்காவின் நல்லதுக்குத்தான் செய்ததாகவும், கோபப்பட வேண்டாம் என்றும் சொன்னான். அவள் கரியரில் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“பெட்டியை எங்க எறிஞ்சனி?”

அவன் யோசித்தான். மதிற்பக்கம் பார்த்தான், கோயில் பக்கம் பார்த்தான்.

“தெரியேல்ல அக்கா.”

வெட்டின மீன் போடுகிற என்னுடைய பிளாஸ்ரிக் கூடையை நான் எடுத்துக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு அவள் கரைக்குப் போய்விட்டாள். அவன் வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றான். நான் அவனை என் வளவுக்குள் வா என்று கூப்பிடவில்லை.