மருதமுனையில் ஒரு கவிக்கு அளவெடுத்தேன்

வியாழன் காலை 6.10. கொழும்பு பஸ் என்னைக் கல்முனையில் இறக்கிவிட்டது. மருதமுனைக்கு நான்கு கிலோமீற்றர். ஓட்டோவுக்கு நானூறு ரூபா. பாண்டிருப்பைக் கடக்கும்போது சாரதி என் தொழிலை விசாரித்தார்.

"சிம்பொனி இசைக்குழு ஒண்டுக்குப் பாட்டெழுதிக் குடுக்கிறன். சொல் இல்ல, சுரம்."

"அத எழுதவும் வேணுமா தங்கச்சி? எங்கட ஆக்கள் வாயாலதானே செய்யிற."

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். சொல்லிக்கொள்ளக் கிடைக்கும் சந்தர்ப்பத்தை விடுவதில்லை, அவரிடமும் சொன்னேன்.

எங்கள் இசைக்குழுவின் இயக்குநர் சென்ற வருடம் அயர்லாந்து நாட்டார் மெட்டுகள் மூன்றை முழுக் குழுவுக்கும் அமைத்தார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய தாள்களைப் படியெடுத்தவள் நான். அவை ஆட்ட மெட்டுகள். எட்டுத் தாளக்கட்டு, திரும்பவும் அதே எட்டு. முதலில் வயலின், பிறகு புல்லாங்குழல், கடைசியில் கீழிருந்து பித்தளை வாத்தியங்கள் ஏறிவரும். மண்டபத்தில் கால் தட்டாதவர் இல்லை. "உங்கட பக்கத்தில ஒண்டும் இல்லையா?" என்று அவர் கேட்டார். எங்கள் பெண்கள் வேலை செய்துகொண்டே பாடும் நாலடி நாட்டார் பாட்டான கவியைச் சொன்னேன். ஒரு கவியை அதே எட்டுக்குள் எழுதியும் முடித்தேன். அதைப் பாடும் குரலைப் பதிவு செய்யத்தான் இந்தப் பயணம்.

காலை 8.30. குரல் என் பெரியும்மாவின் மகள் ஹைருன் ராத்தாவுடையது. என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் போனபோது தறியில் இருந்தார்.

வெள்ளாப்பில போன மச்சான்
வெயில் சாய்ஞ்சும் காணல்லையே
சொல்லாமப் போன வழி
சோளகமும் சொல்லல்லையே

தறி தன்பாட்டில் ஒரே சீராகத் தட்டியது. விடியலில் போனவனைப் பற்றிச் சோளகக் காற்றும் சொல்லவில்லை என்ற கவி அதன்மேல் வேறொரு வேகத்தில் போனது. மூன்றாம் அடியின் முடிவில் குரல் மூச்சு உள்ளமட்டும் நீண்டது. நாலாம் அடி முடிந்ததும் வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுச் சபீனா மச்சி, மச்சான் போனது சந்தைக்கல்ல, இன்னொரு மச்சியிடம் என்று பதில் கவி பாடினார். ராத்தா சிரித்ததில் நூல் அறுந்தது.

நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் அடி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நீளம்.

வெள்ளி பிற்பகல் 2.30. ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பாடும் முடிந்தபின் மின்விசிறியை நிறுத்திப் பதிவு தொடங்கினோம். தொலைபேசியில் தாளம் தட்டும் செயலியைப் போட்டு, கேட்பொறியை ராத்தாவின் காதில் மாட்டினேன்.

"மூணாவது அடி நீளுது ராத்தா. எல்லா அடியும் ஒரே அளவில வரணும்."

"என்ட வாய்க்கு அளவு தெரியாகா."

"பழகினா வரும்."

பதினோராவது தடவையில் வந்தது. தொலைபேசியில் இடம் போதவில்லை. முதல் பத்தையும் பிழை என்று அழித்தேன். மிச்சத்தைக் கொழும்புக்கு அனுப்பினேன்.

சனி காலை 10.00. இயக்குநர் அழைத்தார்.

"தாளம் சுத்தமா இருக்கு. ஆனா அயர்லாந்து மெட்டு காலுக்கு உண்டானது, அது எட்டில அடங்கும். இது மூச்சுக்கு உண்டானது போல இருக்கே. அளவில்லாமப் பாடினது இருந்தா அனுப்புங்க. அவ அடியை முடிக்கும்வரை வயலின்கள் ஒரே சுரத்தைப் பிடிச்சுக் காத்திருக்கட்டும்."

இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மாலைக்குள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு ராத்தாவிடம் ஓடினேன்.

அவர் பாடினார். விரல் தொடையில் தட்டியது. மூன்றாம் அடி சரியான இடத்தில் நின்றது.

"இப்பிடி இல்ல ராத்தா. முந்திப் பாடினாப்போல பாடுங்க."

"நான் முந்தி எப்பிடிப் பாடின? நீதானே பிழையெண்ட."

ஏழு தடவை முயன்றோம். நீட்டச் சொன்னால் நீட்டினார். எவ்வளவு நீட்டுவது என்று என் முகத்தைப் பார்த்தார். தறியில் இருந்து பாடச் சொன்னேன். அடிகளெல்லாம் தறியின் தட்டலோடே போய் விழுந்தன. வேலிக்கு அப்பால் சபீனா மச்சி பதில் பாடவில்லை. எட்டிப் பார்த்தார்.

"என்னகா, புள்ளயள் வாய்ப்பாடு சொல்றாப்போல இரிக்கி. இதுக்கு நான் எங்க பூந்து பதில் சொல்ற?"

ராத்தா சிரிக்கவில்லை. "படிச்ச புள்ள சொல்லித் தந்தது, மச்சி" என்றார். குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பெருமையாகச் சொன்னார்.

மாலை இயக்குநருக்கு உண்மையை எழுதினேன். குரல் இல்லாமல் இப்போதைக்கு மெட்டை மட்டும் எடுப்போம் என்று பதில் வந்தது.

ஞாயிறு காலை 7.00. பிரதான வீதியில் பஸ்ஸுக்கு நின்றோம். கொழும்பு அறையில் என் மேசைமேல் முப்பது பக்க இசைத்தாள் கிடக்கிறது. வயலின் எங்கே மூச்செடுப்பது என்றுகூட அதில் குறித்திருக்கிறேன். என்னோடு ஒரே சட்டியில் சோறு தின்று வளர்ந்த பெண் எங்கே மூச்செடுக்கிறாள் என்று ஒருநாள் பொறுமையாகக் கேட்டதில்லை.

பஸ் வந்தது. ராத்தா என் பையைத் தூக்கித் தந்தார்.

"பெருநாளைக்கு வருவதானே? அதுக்குள்ள மத்தக் கவியளையும் அளவாப் பாடப் பழகி வைக்கிறன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் நகர்ந்தது. அவர் கையசைத்துக்கொண்டே நின்றார். உதடுகள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.